பீடோங்கிலிருந்து பூஜாங் பள்ளத்தாக்கு வரை சைக்கிளில்: தோட்டப் பாதையா, தார்ச் சாலையா?

கிள்ளான் மிதி

வணக்கம். நாலு பேர் கெடா மாநிலத்துப் பீடோங்கில் தங்கி, இரண்டு நாள் சைக்கிளில் செமிலிங், மெர்போக் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கில் இருக்கும் பழைய சண்டிகளை, அதாவது கோவில் இடிபாடுகளை, பார்க்கத் திட்டம். இரண்டு சைக்கிளில் 700x32 டயர். ஒன்று பழைய 26 அங்குல மலைச் சைக்கிள். இன்னொன்று 20 அங்குல மடக்கு சைக்கிள். ஆளுக்குப் பத்து கிலோ சாமான் வரும்.

வரைபடத்தில் பீடோங்குக்கும் செமிலிங்குக்கும் நடுவில் செம்பனைத் தோட்டத்துக்குள்ளே நிறையக் கோடு தெரிகிறது. அதில் புகுந்தால் லாரி சாலையைத் தவிர்க்கலாம் போலிருக்கிறதே? பிப்ரவரி இல்லையென்றால் அக்டோபர். ஜெராய் மலையையும் சேர்த்துக்கொள்ளலாமா?

---

தோட்டத்துப் பாதை

பிப்ரவரி. அக்டோபரை மறந்துவிடுங்கள். கெடாவில் செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் மத்தியானத்துக்கு மேல் இடி மழை உண்டு. ஜனவரி, பிப்ரவரிதான் காய்ந்த மாதம்.

நீங்கள் பார்க்கும் கோடுகள் எல்லாம் ஒரே சாதி அல்ல. தோட்டத்தில் மூன்று வகைப் பாதை இருக்கும். ஒன்று, குலை ஏற்றும் லாரியும் டிராக்டரும் ஓடும் பெரிய செம்மண் சாலை. இது கல் போட்டு உருட்டியது, காய்ந்த நாளில் 32 டயரும் தாங்கும். இரண்டாவது, அதிலிருந்து பிரியும் சின்னப் பாதை, நடுவில் புல் முளைத்து இரண்டு சக்கரத் தடமாக இருக்கும். மூன்றாவது, மரங்களுக்கு நடுவே குலை வெட்டுகிறவர் நடக்கும் சந்து. மேலிருந்து எடுத்த படத்தில் மூன்றும் நேர்க்கோடாகத்தான் தெரியும்.

சந்துக்குள் போகாதீர்கள். ஒன்றுவிட்டு ஒரு சந்தில் வெட்டிய மட்டையை அடுக்கி வைத்திருப்பார்கள். அடுத்த சந்து காலியாக இருந்தாலும் கடைசியில் ஒரு பாரிட் (வாய்க்கால்) குறுக்கே வரும். அதன்மேல் பாலம் என்று கிடப்பது ஒற்றைப் பலகை. ஆளும் தள்ளுவண்டியும் போக அது போதும், பை மாட்டிய சைக்கிளுக்கு ஆகாது. வந்த வழியே இரண்டு கிலோமீட்டர் திரும்ப வேண்டியதுதான்.

லாரிக்குப் பயந்து உள்ளே போகிறோம் என்கிறீர்கள். குலை லாரி எங்கிருந்து வருகிறது என்று நினைத்தீர்கள்? அதே செம்மண் சாலையில்தான். தார்ச் சாலையிலாவது ஓரம் இருக்கும்.

---

செயின்மணி

டயர் விஷயம் நான் சொல்கிறேன்.

தோட்டத்தில் டியூப்பைக் கொல்வது கண்ணாடியோ ஆணியோ அல்ல. செம்பனை மட்டையின் அடிப்பக்கத்து முள்தான். காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி. குத்தியதும் முனை முறிந்து டயருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியிலிருந்து தெரியாது. டியூப்பை ஒட்டிப் போட்டால் அரை மணி நேரத்தில் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கும். பசையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே பஞ்சர் ஆனதும் முதலில் டியூப்பில் ஓட்டை எங்கே என்று பாருங்கள். வால்விலிருந்து எத்தனை விரற்கடை தூரம் என்று அளந்து, டயரில் அதே இடத்தைத் தேடுங்கள். இதற்காகவே டயரின் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி மாட்டி வைப்பது நல்ல பழக்கம். டயரின் உள்பக்கத்தை விரலால் தடவாதீர்கள், பழைய துணியால் துடையுங்கள். முள் இருந்தால் துணி மாட்டும். முனையைப் பிடுங்கக் குறடு வேண்டும், நகத்தால் வராது. சின்ன மூக்குக் குறடு ஒன்று சாமானில் கட்டாயம் இருக்கட்டும்.

ஒட்டுவதில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசையை ஒட்டுத் துண்டைவிடச் சற்றுப் பெரிய வட்டமாக மெல்லிசாகப் பூசி, பளபளப்பு போகும்வரை விடுங்கள். காய்ந்த காலையில் ஐந்து நிமிடம். மழைக்குப் பிறகு காற்றில் ஈரம் இருந்தால் பத்து நிமிடம்கூட ஆகும். ஈரப் பசைமேல் ஒட்டினால் சாலைச் சூட்டில் நழுவிவிடும். வழியில் ஒட்டிக்கொண்டிருக்காமல் புது டியூப் மாட்டிவிட்டு, ராத்திரி அறையில் ஒட்டுவதே புத்திசாலித்தனம்.

காற்றின் அளவு, உங்கள் சாமானோடு 80 கிலோ வருகிறவருக்கு: 700x32 டயரில் தார்ச் சாலைக்குப் பின்னால் 65 பிஎஸ்ஐ, முன்னால் 55. செம்மண்ணில் பின்னால் 50, முன்னால் 42 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் கல் மேட்டில் விளிம்பு இடித்து டியூப்பில் பாம்புக் கடி மாதிரி இரட்டை ஓட்டை விழும். 26 அங்குலத்தில் 2.0 டயர் என்றால் 38, செம்மண்ணில் 30. சைக்கிளில் 38 அல்லது 40 டயருக்கு இடம் இருந்தால் மாற்றிவிட்டு வாருங்கள். மற்ற எல்லாப் பொருளையும்விட இதற்குச் செலவழிப்பதுதான் பயன் தரும்.

இன்னொன்று. சின்ன ஊர் மோட்டார் பட்டறைகளில் காற்றடிக்க மோட்டார் வால்வுதான் உண்டு. உங்கள் 700 சைக்கிளில் பிரெஸ்டா என்ற ஒல்லி வால்வு என்றால் திருகி மாட்டும் பித்தளை மாற்றி ஒன்று தேவை. அதை வாங்கி வால்விலேயே மாட்டி வையுங்கள். பையில் போட்டால் வேண்டிய நேரத்தில் கிடைக்காது.

---

கடாரத்தான்

சண்டிகளைப் பற்றிக் கொஞ்சம். முதலில் ஓர் எச்சரிக்கை: அங்கோர், போரோபுதூர் அளவில் கற்பனை செய்துகொண்டு வராதீர்கள். இங்கே நிற்பது பெரும்பாலும் அடித்தளம். செங்கல், செம்பூரான்கல், கருங்கல். மேற்கட்டு மரத்தாலும் கூரையாலும் ஆனது, அது மக்கி எப்போதோ போய்விட்டது. அடித்தளத்தைப் படிக்கத் தெரிந்தால் அரை நாள் போதாது. தெரியாவிட்டால் பத்து நிமிடத்தில் "இவ்வளவுதானா" என்று திரும்பிவிடுவீர்கள்.

போகும் வரிசை முக்கியம். முதலில் சுங்கை பத்து, அது செமிலிங்கைத் தாண்டி மெர்போக் போகும் வழியில். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டிய இடம். இரும்பு உருக்கிய உலைகளின் மிச்சம், உலைக்குள் காற்று ஊதிய களிமண் குழாய்கள், இரும்புக் கசடு, ஆற்றங்கரைப் படகுத்துறையின் செங்கல் தளம், வட்டமான செங்கல் மேடைமேல் சதுரக் கட்டு என்று பல உண்டு. இன்று அங்கே நின்று பார்த்தால் ஆறு எங்கே என்று கேட்பீர்கள். வண்டல் நிறைந்து மூடிவிட்டது. துறை நகரவில்லை, ஆறுதான் துறையை விட்டுப் போனது. அதன் மிகப் பழைய காலக்கணிப்பில் ஆய்வாளர்களுக்குள் வாதம் இன்னும் ஓயவில்லை. ஆகவே பலகையில் இருக்கும் ஆண்டை அப்படியே மனப்பாடம் செய்யவேண்டாம்.

பிறகு மெர்போக். ஊரிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் உள்ளே, ஜெராய் அடிவாரத்தில் தொல்லியல் அருங்காட்சியகம். அந்த வளாகத்தில் புக்கிட் பத்து பகாட் சண்டி மட்டும்தான் அது கட்டப்பட்ட இடத்திலேயே இருக்கிறது. கருங்கல் கட்டு, 1960 வாக்கில் வரலாற்றாய்வாளர் அலஸ்டர் லேம்ப் தோண்டி மறுபடி அடுக்கியது. கருவறைப் பகுதியும் முன் மண்டபமும் தெளிவாகப் பிரியும். மண்டபத் தளத்தில் குழிந்த கல் பீடங்களைக் கவனியுங்கள். மரத்தூண் நின்ற இடங்கள் அவை. பெங்காலான் பூஜாங், பெண்டியாட், பெண்டாங் டாலாம் சண்டிகள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே அடுக்கப்பட்டவை. இதைத் தெரிந்துகொள்ளாமல் "எல்லாக் கோவிலும் ஒரே வளாகத்தில்" என்று எழுதுகிறவர்கள் அதிகம்.

இன்னொரு தவறும் நம் ஆட்களிடம் பரவலாக உண்டு: இவை ராஜேந்திர சோழன் கட்டிய கோவில்கள் என்பது. 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் "கடுமுரட் கடாரம்" வருகிறது, கடாரம் என்பது இந்தக் கெடாதான். அது வென்ற பட்டியல், கட்டிய பட்டியல் அல்ல. இங்கே கிடைத்ததில் பௌத்தச் சின்னங்களும் நிறைய. சோழர் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இது துறைமுகம். அந்தப் பெருமையே போதுமே!

---

கிள்ளான் மிதி

ரொம்ப நன்றி ஐயா. செயின்மணி அண்ணே, மடக்கு சைக்கிளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. ஜெராய்க்கும் பதில் வரவில்லை.

---

மேட்டு ரோடு வாணி

ஜெராய்க்கு நான் சொல்கிறேன் தம்பி. மலையின் உச்சி 1,217 மீட்டர். குரூண் பக்கத்திலிருந்து தார்ச் சாலை ஏறுகிறது, பத்து கிலோமீட்டருக்கு மேல். ஏறக்குறைய கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் அளவுக்குப் போகிறது. சாலை குறுகல், வளைவு அதிகம், எதிரே வேன் வரும்.

மடக்கு சைக்கிளில் முன்பல் 53, பின்னால் மிகப் பெரியது 32 என்றால், மிதி ஒரு சுற்று சுற்ற வண்டி 2.6 மீட்டர் நகரும். மலைச் சைக்கிளில் 22க்கு 32 என்றால் 1.4 மீட்டர். இந்த வித்தியாசத்தைச் சாமானோடு ஒன்றரை மணி நேரம் முழங்கால்தான் தாங்கவேண்டும். முழங்கால் மறுநாள் பழி வாங்கும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. விளிம்பைப் பிடிக்கும் பிரேக் என்றால் விளிம்பு சூடாகும், உள்ளே காற்றழுத்தம் கூடும், டியூப் வெடிக்கலாம் அல்லது டயர் விளிம்பைவிட்டு நழுவலாம். 20 அங்குலச் சக்கரத்தில் விளிம்பின் உலோகம் குறைவு, அதனால் இன்னும் வேகமாகச் சூடேறும். பிரேக்கைத் தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, காற்று பட விடுங்கள். இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று, விளிம்பின் பக்கத்தில் கையை வைத்துச் சூடு பாருங்கள். தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும். டிஸ்க் பிரேக்கிலும் இதே கதைதான், டயருக்குப் பதில் கட்டை பளபளத்துப் பிடிப்பு குறையும்.

சண்டி பார்க்க வந்தவர்களுக்கு மலை எதற்கு? இரண்டு நாளில் இரண்டையும் திணித்தால் அருங்காட்சியகத்தில் தூங்கி வழிவீர்கள். மலையைச் சுற்றி வருவது வேறு. பீடோங், செமிலிங், மெர்போக், சிங்கிர், யான், குவார் செம்பெடாக், குரூண், மறுபடி பீடோங். 60, 70 கிலோமீட்டருக்குள் அடங்கும், பெரிய ஏற்றம் கிடையாது, மலை முழு நேரமும் வலது கைப் பக்கம் நிற்கும். வழி தவறுவது சிரமம்.

---

செயின்மணி

அக்கா சொன்னதே சரி. மடக்கு சைக்கிளுக்குத் தனியாக ஒரு விஷயம்: 20 அங்குலம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் 406, 451 என்று இரண்டு அளவு உண்டு. டயர் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எது என்று டயர் பக்கச் சுவரில் பாருங்கள்.

மண் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரவு மழை பெய்து காலை வெயிலடித்தால் செம்மண் சாலை காய்ந்த மாதிரி தெரியும். நம்பாதீர்கள். மேல்தோல்தான் காய்ந்திருக்கும். சக்கரத்தில் ஒட்டி மட்காடுக்குள் புகுந்து இறுகும், சக்கரம் சுற்றாது. மட்காடுக்கும் டயருக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர்கூட இல்லையென்றால் செம்மண்ணுக்குப் போகுமுன் மட்காடைக் கழற்றிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் பலத்தை வைத்து மிதிக்கவேண்டாம், பின் கியர் மாற்றி தொங்கும் கொக்கி வளைந்துவிடும். இறங்கி, ஒரு குச்சியால் நோண்டுங்கள்.

செயினுக்கு எண்ணெய் ஒரு கணுவுக்கு ஒரு சொட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கம் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். வெளியில் மினுக்கும் எண்ணெய் எதற்கும் உதவாது. செம்மண் தூள் அதில் ஒட்டிப் பல்லை அரைக்கும். விளிம்புப் பிரேக் கட்டைகளில் கல் துகள் பதிந்திருக்கிறதா என்று மாலையில் பார்த்துக் கத்தி முனையால் எடுத்துவிடுங்கள். 'கிரீச்' சத்தம் கேட்டால் அதுதான்.

சாமான் தாங்கியின் ஆணிகள்! கல் சாலை அதிர்வில் இவைதான் முதலில் கழலும். பெரும்பாலும் எம்5. நீல நிற ஆணிப்பசை ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள், மாற்று இரண்டு கையில் வையுங்கள்.

---

மத்தியானக் கடை

வழியைப் பற்றி எல்லாம் சொன்னார்கள், கிழமையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. கிள்ளானிலிருந்து வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாலை காலியாக இருக்கும் என்று நினைத்து வருவார்கள். இங்கே ஞாயிறு வேலை நாள். பள்ளிப் பேருந்து, லாரி, ஆலைக்குப் போகும் மோட்டார் எல்லாம் காலையிலேயே ஓடும். சைக்கிளுக்கு நல்ல நேரம் வெள்ளி, சனி காலை.

ஆனால் வெள்ளி பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை பெரும்பாலான மலாய்க் கடைகள் தொழுகைக்காக மூடியிருக்கும். அந்த நேரத்தில் அருங்காட்சியக வாசலில் போய் நிற்காதீர்கள். காலையிலேயே பார்த்து முடித்துவிடுங்கள். நோன்பு மாதம் என்றால் பகலில் மெர்போக், யான் பக்கம் சாப்பாடு கிடைப்பது கஷ்டம். பீடோங்கில் இந்தியர் கடையில் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கும் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். கறிச்சாறு தனியாக இருக்கட்டும், இல்லையென்றால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும்.

தண்ணீர் மணிக்கு முக்கால் லிட்டர் கணக்கு. வெயில் ஏறினால் ஒரு லிட்டர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலை கனக்கும், கால் பிடிக்கும். இரண்டு பாட்டிலில் ஒன்றில் உப்புக் கரைசல் தூள் கலந்து வையுங்கள். தோட்டத்துக்குள் தண்ணீர் தீர்ந்தால் மாரியம்மன் கோவில் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் குழாய் இருக்கும், நிழலும் உண்டு, வழியும் சொல்வார்கள்.

விடிவது ஏழு மணிக்கு மேல்தான். ஆறரைக்குக் கிளம்பினால் முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு இரண்டும் வேண்டும். பதினொன்றுக்குள் சைக்கிளில் இருக்கும் வேலை முடியவேண்டும்.

---

லயத்து வீடு

நாய்! யாரும் நாயைப் பற்றிச் சொல்லவில்லை. லயத்தைத் தாண்டும்போது துரத்தும். வேகமாக மிதித்தால் இன்னும் துரத்தும். நில்லுங்கள், இறங்குங்கள், சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். பெரும்பாலும் எல்லையைத் தாண்டியதும் விட்டுவிடும். 2015இல் கெடாவில் வெறிநாய்க் கடி நோய் பரவியதை மறக்கவேண்டாம். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

மட்டை அடுக்கின்மேல் காலை வைக்கக்கூடாது. எலி இருக்கும் இடத்தில் நாகம் இருக்கும். ஒதுங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

தோட்டம் தனியார் நிலம். நுழைவாயிலில் காவல்காரர் இருந்தால் இறங்கி, எங்கே போகிறோம் என்று சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள், மருந்தடிக்கும் நாளாக இருக்கலாம்.

---

கடாரத்தான்

இடிபாட்டில் நடந்துகொள்ளும் முறையையும் சொல்லியாகவேண்டும். சைக்கிளைக் கல்லில் சாய்க்காதீர்கள். அடியில் கொக்கி வைத்த சைக்கிள் காலணியோடு கருங்கல்மேல் ஏறினால் பாசி வழுக்கும், கல்லும் கீறும். செங்கல் கட்டின்மேல் ஏறவே கூடாது, விளிம்பு பொடிப்பொடியாக உதிரும்.

சுங்கை பத்து பக்கம் தரையில் கறுப்பாக, குமிழ் குமிழாக, அளவுக்கு மீறிக் கனமாக ஒரு கட்டி கிடந்தால் அது இரும்புக் கசடு. பானை ஓடும் கிடைக்கும். பார்த்துவிட்டு அதே இடத்தில் வையுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் அந்தக் கட்டியால் யாருக்கும் ஒரு செய்தியும் கிடைக்காது.

பழைய வரைபடங்களில் 11 என்று எண்ணிட்ட சண்டி ஒன்று காட்டும். தேடிப் போகவேண்டாம். 2013இல் வீடமைப்பு மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டுவிட்டது. அதற்கு எழுந்த கூச்சலுக்குப் பிறகுதான் மற்ற இடங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பலர் பேச ஆரம்பித்தார்கள்.

---

கிள்ளான் மிதி

எல்லாவற்றையும் சேர்த்து இப்படி மாற்றியிருக்கிறோம். பிப்ரவரி, வெள்ளி காலை பீடோங்கிலிருந்து தார்ச் சாலையில் செமிலிங், சுங்கை பத்து, மெர்போக். பன்னிரண்டுக்குள் அருங்காட்சியகத்தை முடித்துவிட்டு பீடோங் திரும்புகிறோம். சனி காலை தஞ்சோங் டாவாய், அங்கிருந்து படகில் பந்தாய் மெர்டேக்கா, கோத்தா கோல மூடா, சுங்கைப் பட்டாணி, பீடோங். ஜெராய் இல்லை. தோட்டப் பாதை, காய்ந்திருந்தால் பெரிய செம்மண் சாலை மட்டும்.

---

மேட்டு ரோடு வாணி

முதல் நாளில் நேரம் இறுக்கம். சுங்கை பத்துவில் ஒன்றரை மணி, அருங்காட்சியகத்தில் இரண்டு மணி வையுங்கள். ஆறரைக்குக் கிளம்பினாலும் சுங்கை பத்து திறக்கும்வரை நிற்கவேண்டி வரும். அதனால் வெள்ளியில் அருங்காட்சியகத்தை மட்டும் முடியுங்கள், ஒன்பதுக்கு வாசலில் இருங்கள். சுங்கை பத்துவைச் சனி காலை தஞ்சோங் டாவாய் போகிற வழியில் பார்க்கலாம். கடாரத்தான் ஐயா வரிசை மாறிவிட்டது என்று கோபிப்பார், பரவாயில்லை.

படகில் சைக்கிள் ஏற்ற முதலில் விலை பேசுங்கள். பைகளைக் கழற்றி ஆள் பக்கம், சைக்கிள் செயின் மேலே வரும்படி படுக்கவையுங்கள். உப்புத் தண்ணீர் தெறிக்கும். அக்கரை போனதும் செயினையும் ஆணித் தலைகளையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்கவேண்டும், இல்லையென்றால் மறுநாளே துரு. கோத்தா கோல மூடாவில் 2004 சுனாமிக் காட்சியகம் இருக்கிறது, அதற்கு அரை மணி ஒதுக்குங்கள். அதன் பக்கத்தில் சுங்கை மாஸ், அங்கேயும் பழைய குடியிருப்பும் மணி செய்த தடயமும் கல்வெட்டும் கிடைத்தன.

---

கடாரத்தான்

கோபம் ஒன்றும் இல்லை அம்மா. ஆனால் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்தால் ஒரு நன்மை: உலைக் குழாய் எப்படி இருக்கும் என்று கண்ணாடிப் பெட்டியில் பார்த்துவிட்டுப் போனால் சுங்கை பத்துவில் தரையிலேயே அடையாளம் தெரியும்.

---

செயின்மணி

தம்பி, அந்த மடக்கு சைக்கிள் 406ஆ 451ஆ? இன்னும் சொல்லவில்லை.

---

கிள்ளான் மிதி

451 அண்ணே.

---

செயின்மணி

அப்படியென்றால் வழியில் கிடைக்கும் என்று நம்பவேண்டாம். டியூப் மூன்று, மடக்கும் டயர் ஒன்று கிள்ளானிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு வாருங்கள். 700க்கும் டியூப் ஆளுக்கு இரண்டு. 26க்கு மட்டும் கவலை இல்லை.